முதல் 72 மணி நேரச் சர்க்கரை

இரண்டு கிலோ எடையில் பிறந்த குழந்தையின் உடம்பில் ஓடும் இரத்தம் மொத்தமே 160 மில்லியைச் சற்றுத் தாண்டும். 100 மில்லி இரத்தத்தில் 60 மில்லிகிராம் குளுக்கோஸ் இருப்பதாக வைத்துக்கொண்டால், முழு இரத்தத்திலும் சேர்த்து 100 மில்லிகிராம் தேறும். சர்க்கரை டப்பாவுக்குள் ஈர விரலை வைத்து எடுத்தால் ஒட்டிக்கொண்டு வருமே, கிட்டத்தட்ட அவ்வளவு. பச்சிளங்குழந்தையின் உடம்போ கிலோவுக்கு நிமிடத்துக்கு 4 முதல் 6 மில்லிகிராம் வீதம் குளுக்கோஸைச் செலவழிக்கிறது. இது வளர்ந்தவர்களின் செலவைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. அந்தக் கணக்கில் இந்தக் குழந்தைக்கு நிமிடத்துக்கு 10 மில்லிகிராம் வேண்டும். புதிதாக எதுவும் வந்து சேராவிட்டால், இரத்தத்தில் உள்ள இருப்பு பத்து நிமிடத்தில் காலி.

காலியாகாமல் இருப்பதற்குக் காரணம், கல்லீரல் ஓயாமல் குளுக்கோஸை இரத்தத்துக்கு அனுப்பிக்கொண்டே இருப்பதுதான். சில மணி நேரத்தில் தாய்ப்பாலும் சேர்ந்துகொள்கிறது. நிறைமாதத்தில் மூன்று கிலோ எடையுடன் பிறக்கும் குழந்தைக்கு இந்த ஏற்பாடு பெரும்பாலும் தானாகவே நடந்துவிடும். எடை குறைந்த குழந்தைக்கும் அப்படியே நடந்துவிடும் என்று நம்பி இருந்துவிட முடியாது. அந்த நம்பிக்கையின் விலை சில நேரங்களில் குழந்தையின் பார்வை, சில நேரங்களில் அதன் பேச்சும் நடையும்.

பிறக்கும்போது 2,500 கிராமுக்குக் கீழ் இருந்தால் எடை குறைந்த குழந்தை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், எடை பதிவான குழந்தைகளில் 100க்கு 18 பேர் இந்த வரம்புக்குக் கீழே இருந்தார்கள். இவர்களை ஒரே கூட்டமாகப் பார்ப்பது தவறு. சிலர் நாள் முந்திப் பிறந்தவர்கள். 34 வாரத்தில் பிறந்த குழந்தை அந்த வாரத்துக்கு உரிய எடையோடுதான் இருக்கும். சிலர் மாதம் நிறைந்தும் கருப்பையில் சரியாக ஊட்டம் கிடைக்காமல் மெலிந்தவர்கள். இரண்டும் சேர்ந்து அமைந்தவர்களும் உண்டு. சர்க்கரை இறங்கும் ஆபத்து எல்லோருக்கும் பொது. இறங்கும் வழிதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

கருப்பையில் இருக்கும்வரை குழந்தை தன் சர்க்கரையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக இரவும் பகலும் குளுக்கோஸ் வந்துகொண்டே இருக்கும். தாயின் அளவில் முக்கால் பங்கு குழந்தையின் இரத்தத்தில் இருக்கும். தொப்புள்கொடியைக் கட்டி வெட்டும் அந்த நொடியில் இந்த வரத்து நின்றுபோகிறது. அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் சர்க்கரை இறங்கும். நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கே 100 மில்லி இரத்தத்துக்கு 30 மில்லிகிராம்வரை போய்த் திரும்புவது உண்டு. இந்த இறக்கம்தான் குழந்தையின் உடம்பை விழிக்க வைக்கிறது. அட்ரினலினும் குளுக்ககானும் கார்ட்டிசோலும் உயர்கின்றன, இன்சுலின் தாழ்கிறது, கல்லீரல் தன் கிளைக்கோஜனை உடைத்துக் குளுக்கோஸாக வெளியே விடுகிறது. மூன்று, நான்கு மணி நேரத்தில் அளவு ஏறத் தொடங்கும். இரண்டு, மூன்று நாளில் பெரியவர்களுக்கு இருக்கும் நிலையை எட்டிவிடும்.

இந்த மாற்றத்துக்கு வேண்டிய சேமிப்பு முழுவதும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் நடக்கிறது. கல்லீரலில் கிளைக்கோஜன் சேர்வது அப்போதுதான். தோலுக்கடியில் கொழுப்பு படிவதும் அப்போதுதான். நிறைமாதக் குழந்தையின் உடம்பில் சுமார் 15 சதவீதம் கொழுப்பு. 28 வாரத்தில் பிறக்கும் குழந்தைக்கு 2, 3 சதவீதம் இருந்தாலே அதிகம். நிறைமாதக் குழந்தைக்கே பால் கொடுக்காவிட்டால் கல்லீரல் சேமிப்பு பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்னும்போது, நாள் முந்திப் பிறந்த குழந்தைக்கு எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

மாதம் நிறைந்தும் மெலிந்து பிறந்த குழந்தையின் கதை வேறு. நஞ்சுக்கொடி வழியாக வரும் ஊட்டம் குறையும்போது கரு தன் மூளைக்கே முதலிடம் கொடுக்கிறது. இரத்தத்தை மூளைக்குத் திருப்பிவிட்டு, கல்லீரலையும் தசையையும் பட்டினி போடுகிறது. அதனால்தான் இந்தக் குழந்தைகளுக்குத் தலை ஓரளவு சரியான அளவிலும், கை, கால், வயிறு வற்றியும் இருக்கும். செலவழிக்கும் மூளை பெரிது. சம்பாதித்துத் தர வேண்டிய கல்லீரல் சிறிது. கருப்பைக்குள் உயிரைக் காத்த அதே உத்தி, வெளியே வந்ததும் குழந்தைக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது.

மூளைக்குக் குளுக்கோஸ் ஒன்றுதான் உணவு என்று பள்ளிப் பாடம் சொல்லும். பச்சிளங்குழந்தையின் மூளை அப்படியல்ல. கொழுப்பு உடைந்து வரும் கீட்டோன்களையும், லாக்டேட்டையும் எரித்துக் காலம் தள்ளத் தெரிந்தது அது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜேன் ஹாடனும் உடன் பணியாற்றியவர்களும் 1992இல் வெளியிட்ட ஆய்வு, இதில் உள்ள ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காட்டியது. நிறைமாதக் குழந்தைகளுக்குச் சர்க்கரை இறங்கும்போது இரத்தத்தில் கீட்டோன் ஏறியது. குறைமாதக் குழந்தைகளிடம் அந்த ஏற்றத்தைக் காணோம். எரிக்கக் கொழுப்பும் இல்லை, எரிக்கும் திறனும் முதிரவில்லை. ஒரே 35 மில்லிகிராம் என்ற அளவு இரண்டு குழந்தைகளுக்கும் இருந்தாலும், ஒருவருடைய மூளைக்கு மாற்று உணவு இருக்கிறது, மற்றவருடையதற்கு இல்லை. சர்க்கரை அளவு பற்றிய எந்தப் பேச்சிலும் இந்த ஒரு உண்மையை விட்டுவிடக் கூடாது என்பது என் எண்ணம். எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் இரண்டு குழந்தைகளையும் ஒன்றாகவே நடத்துவார்கள்.

இன்சுலினும் சில குழந்தைகளுக்கு வில்லனாகிறது. பிரசவத்தில் மூச்சுத் திணறியவர்கள், கருவிலேயே மெலிந்தவர்கள், உயர் இரத்த அழுத்தம் கொண்ட தாய்மார்களின் குழந்தைகள் ஆகியோரில் சிலருக்குத் தாழ வேண்டிய இன்சுலின் தாழாமல் நின்றுவிடும். இன்சுலின் உயர்ந்திருந்தால் குளுக்கோஸ் செலவாகிக்கொண்டே இருக்கும்; கல்லீரல் வெளியே விடாது; கொழுப்பும் உடையாது, எனவே கீட்டோனும் வராது. மூளைக்கு எல்லாக் கதவும் அடைபடுகிறது. இந்த நிலை சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள்கூட நீடிக்கும். தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தால் வேறு வழியாக இதே முடிவு வரும். தாயின் மிகுதியான குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டும், தாயின் இன்சுலின் தாண்டாது. குழந்தையின் கணையமே கூடுதல் இன்சுலினைச் சுரந்து பழகிவிடும். டென்மார்க்கின் யோர்கன் பெடர்சன் 1950களில் எடுத்துரைத்த இந்த விளக்கம் இன்றும் நிற்கிறது. இப்படிப்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் பருத்துப் பிறப்பார்கள் என்பதால், தாய்க்குச் சர்க்கரை இருந்தும் குழந்தை மெலிந்திருந்தால் அதன் ஆபத்தைப் பலரும் கவனிக்கத் தவறுகிறார்கள். ஆபத்து அங்கே இரட்டிப்பு.

குளிர் இன்னொரு செலவு. நனைந்த உடம்போடு பிறக்கும் சின்னக் குழந்தை, எடைக்கு மீறிய தோல் பரப்பு வழியாக வெப்பத்தை இழக்கிறது. கழுத்தைச் சுற்றியும் முதுகிலும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துச் சூடேற்றப் பார்க்கும். அதற்குக் குளுக்கோஸும் சேர்ந்து செலவாகும். பிறந்த உடனே குளிப்பாட்டும் வழக்கத்தை மருத்துவர்கள் தடுப்பதற்கு இது ஒரு காரணம்.

சத்தம் போடாத ஆபத்து

பெரியவர்களுக்குச் சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், படபடக்கும், பசிக்கும். வாய்விட்டுச் சொல்லவும் முடியும். எடை குறைந்த குழந்தையிடம் பெரும்பாலும் எதுவுமே தெரியாது. தூங்குவதுபோலக் கிடக்கும். "சமத்துக் குழந்தை, அழவே இல்லை" என்று வீட்டார் மகிழும் நேரத்தில் அதன் அளவு 25ஆக இருக்கலாம். அறிகுறி தெரிந்தாலும் அது சர்க்கரைக்கே உரியதாக இருப்பதில்லை. சோர்வு, பால் குடிக்க மறுப்பு, தொய்ந்த உடம்பு, கீச்சென்ற அழுகை, மூச்சு நின்று நின்று வருவது, உடம்பு சில்லிட்டுப் போவது எல்லாம் கிருமித் தொற்றிலும் வரும். கைகால் நடுங்கும்போது மெதுவாகப் பிடித்துப் பார்த்தால் சாதாரண நடுக்கம் நின்றுவிடும். பிடித்த பிறகும் துடித்தால், கண் ஒருபக்கமாக இழுத்தால், அது வலிப்பு. வலிப்பு வந்த பிறகு கண்டுபிடிப்பது தாமதமான கண்டுபிடிப்பு.

கடுமையாகவும் நீண்ட நேரமும் சர்க்கரை இறங்கிய குழந்தைகளை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால், மூளையின் பின்பகுதியில் பாதிப்பு அதிகமாகத் தெரிகிறது. பார்வையைக் கையாளும் பகுதி அது. கண்ணில் கோளாறே இல்லாமல் குழந்தை பார்க்கத் திணறும். பல மாதங்கள் கழித்து, தலை முன்னால் விழுந்து கைகள் சட்டெனத் தூக்கிப்போடும் சிறு வலிப்புகள் வரும். வீட்டார் அதைத் திடுக்கிடல் என்றோ வயிற்றுவலி என்றோ நினைத்து நாளைக் கடத்துவார்கள். மும்பையில் குழந்தை நரம்பியல் மருத்துவர் வ்ரஜேஷ் உதானியும் குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, கைக்குழந்தைப் பருவத்தில் தொடங்கும் வலிப்பு நோய்க்குப் பிறந்த நாட்களில் ஏற்பட்ட சர்க்கரைக் குறைவு ஒரு முக்கியக் காரணம் என்று காட்டியது. பிரசவ அறையில் யாரும் கவனிக்காத ஒரு மதிய நேரம், ஒன்றரை வருடம் கழித்து நரம்பியல் மருத்துவரின் அறை வாசலில் வந்து நிற்கிறது. தடுத்திருக்கக்கூடிய பாதிப்பு என்பதால் இது என்னை மிகவும் வருத்துகிறது.

பட்டினி போட்ட மருத்துவம்

மருத்துவத் துறையே இதில் ஒரு காலத்தில் பெரிய பிழை செய்தது. 1940களிலிருந்து மேலைநாட்டு மருத்துவமனைகளில், குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்து இரண்டு, மூன்று நாட்கள்வரை பாலே கொடுக்காமல் வைத்திருப்பது முறையாக இருந்தது. பால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும் என்ற பயம் அதற்குக் காரணம். பயம் நியாயமானது, தீர்வுதான் கொடியது. ஏற்கெனவே சேமிப்பில்லாத உடம்பை 72 மணி நேரம் வெறும் வயிற்றோடு போட்டார்கள். 1959இல் அமெரிக்காவின் மார்வின் கார்ன்பிளாத்தும் சகாக்களும், நச்சேற்றம் என்று அன்று அழைக்கப்பட்ட கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம் கொண்ட தாய்மார்களுக்குப் பிறந்த எட்டுக் குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். அந்தக் குழந்தைகளின் அறிகுறிகளுக்குச் சர்க்கரைக் குறைவுதான் காரணம் என்று அந்தக் கட்டுரை நிறுவியது. பச்சிளங்குழந்தைகளிடம் இது உண்மையான நோய் என்று உலகம் ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது அதன் பிறகுதான்.

1964இல் ஆக்ஸ்ஃபோர்டில் விக்டோரியா ஸ்மால்பீஸ், பமேலா டேவிஸ் என்ற இரு பெண் மருத்துவர்கள் அந்தப் பட்டினியை உடைத்தார்கள். ஒன்று முதல் இரண்டு கிலோவரை எடையுள்ள குழந்தைகளுக்குப் பிறந்த சற்று நேரத்திலேயே தண்ணீர் கலக்காத தாய்ப்பாலைக் குழாய் வழியாகக் கொடுத்தார்கள். பயந்தபடி எதுவும் நடக்கவில்லை; அறிகுறியோடு வரும் சர்க்கரைக் குறைவு ஒழிந்தது, மஞ்சள்காமாலையும் குறைந்தது. பச்சிளங்குழந்தை மருத்துவத்தில் பெரிய இயந்திரங்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இந்த இருவரின் ஒரு முடிவு அவற்றில் பலவற்றைவிட அதிகமான மூளைகளைக் காத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

47 என்ற எண்

எந்த அளவுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து என்ற கேள்விக்கு ஒற்றை விடை இன்னும் கிடைக்கவில்லை. உலகெங்கும் புழங்கும் 47 மில்லிகிராம் என்ற எண் 1988இல் பிரபலமானது. ஆலன் லூகாஸ் குழுவினர் பிரிட்டனில் 1,850 கிராமுக்குக் கீழ் பிறந்த 661 குறைமாதக் குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். ஐந்து நாள் அல்லது அதற்கு மேல் 47க்குக் கீழே இருந்த குழந்தைகள், ஒன்றரை வயதில் அறிவு வளர்ச்சியிலும் உடல் இயக்கத்திலும் பின்தங்கி இருந்தார்கள். ஐந்து நாட்கள் என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள். ஒரு முறை 46 வந்தாலே குழந்தையின் எதிர்காலம் போய்விட்டது என்று பெற்றோர் பதறும் நிலை வந்தது.

வட இங்கிலாந்தில் 1990-91இல் 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளை 15 வயதுவரை பார்த்த இன்னொரு ஆய்வு, சர்க்கரை இறங்கியவர்களுக்கும் இறங்காதவர்களுக்கும் வேறுபாடு இல்லை என்றது. நியூசிலாந்தில் ஜேன் ஹார்டிங் தலைமையில் நடந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கு 47க்குக் கீழே போனால் உடனே ஏற்றும்படி சிகிச்சை அளித்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். இரண்டு வயதில் வேறுபாடு தெரியவில்லை. நாலரை வயதில், திட்டமிடுதல், மனத்தை அடக்கிக் கவனித்தல், கண்ணும் கையும் இணைந்து செய்யும் வேலைகள் ஆகியவற்றில் சர்க்கரை இறங்கிய குழந்தைகள் சற்றுப் பின்தங்கியது தெரிந்தது. ஒன்பது, பத்து வயதில் பள்ளிப் படிப்பை அளந்தபோது மறுபடி வேறுபாடு இல்லை. வளரும் மூளை சில குறைகளைச் சரிசெய்துகொள்கிறது என்று இதைப் படிக்கலாம். சிகிச்சை உடனே கிடைத்த குழந்தைகளின் கணக்கு இது என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

நெதர்லாந்தில் 689 குழந்தைகளை வைத்து நடந்த சோதனை 2020இல் வந்தது. 47க்குக் கீழே போனால் சிகிச்சை என்று ஒரு பிரிவு, 36க்குக் கீழே போனால்தான் சிகிச்சை என்று இன்னொரு பிரிவு. ஒன்றரை வயதில் இரண்டு பிரிவின் வளர்ச்சியும் ஒன்றாகவே இருந்தது. இதைக் காட்டி, 36வரை காத்திருக்கலாமே என்று சிலர் பேசுகிறார்கள். அந்தச் சோதனையில் சேர்ந்தவர்கள் 35 வாரம் நிறைந்த, இரண்டு கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள, அறிகுறி எதுவும் இல்லாத குழந்தைகள். நெருக்கமான கண்காணிப்பில் இருந்தவர்கள். 1,400 கிராம் குழந்தைக்கு அந்த முடிவைப் பொருத்திப் பார்ப்பது விஞ்ஞானம் ஆகாது. நம் மருத்துவமனைகளில் 40 அல்லது 45க்குக் கீழே போனால் நடவடிக்கை என்பது வழக்கம். அந்த எச்சரிக்கை எனக்குச் சரியாகவே படுகிறது. எண் எதுவானாலும், எவ்வளவு ஆழமாக இறங்கியது, எத்தனை நேரம் நீடித்தது, எத்தனை முறை திரும்ப வந்தது, குழந்தையிடம் அறிகுறி இருந்ததா என்ற நான்கையும் சேர்த்துப் பார்ப்பவரே நல்ல மருத்துவர்.

அந்த எண்ணைப் பெறுவதிலேயே எத்தனை இடறல்கள்! குதிகாலின் பக்கவாட்டில்தான் ஊசியால் குத்த வேண்டும், நடுவில் எலும்பு அருகில் இருக்கிறது. கால் சில்லிட்டிருந்தால் இரத்தம் தேங்கி அளவு தவறாக வரும். முதலில் இதமாகச் சூடேற்ற வேண்டும். ஸ்பிரிட் காய்வதற்குள் குத்தினாலும் தவறு வரும். பிதுக்கி எடுக்காமல், முதல் துளியைத் துடைத்துவிட்டு, தானாக ஊறும் அடுத்த துளியை ஸ்ட்ரிப்பில் தொட வேண்டும். கையடக்க குளுக்கோமீட்டர்கள் சர்க்கரை நோயாளிகளின் உயர்ந்த அளவுகளைப் பார்க்கவே உருவானவை. 40க்குப் பக்கத்தில் பத்து மில்லிகிராம் ஏறவும் இறங்கவும் காட்டும். மெலிந்து பிறந்த குழந்தைகள் பலருக்குச் சிவப்பணுக்கள் மிகுந்து இரத்தம் கெட்டியாக இருக்கும், அப்போது மீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். சந்தேகம் வந்தால் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே போய்ச் சேரத் தாமதமானால், குழாய்க்குள்ளேயே சிவப்பணுக்கள் குளுக்கோஸைத் தின்று தீர்க்கும். ஒரு மணி நேரத்தில் 15 மில்லிகிராம்வரை குறைந்துவிடலாம். அதனால் ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்காமல் சிகிச்சையைத் தொடங்கிவிடுவதே முறை.

எப்போது பார்ப்பது? இந்திய மருத்துவமனைகளில் பரவலாகப் பின்பற்றும் அட்டவணைப்படி, ஆபத்துள்ள குழந்தைக்கு 2, 6, 12, 24, 48, 72 மணி நேரத்தில் பார்க்கிறார்கள். முதல் நாளில்தான் அடர்த்தி அதிகம். குழந்தையின் முகம் எதையும் காட்டிக்கொடுக்காது என்பதால் கடிகாரத்தைப் பார்த்தே சோதிக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்துக்கு வெளியிலும், குழந்தை சோர்ந்தாலோ நடுங்கினாலோ உடனே பார்க்க வேண்டும்.

மருந்துகளில் முதன்மையானது சீம்பால். முதல் நாளில் ஒரு வேளைக்குச் சில மில்லிதான் சுரக்கும். மஞ்சள் நிறத்தில், கெட்டியாக இருக்கும். "பாலே வரலியே" என்று தாயின் அருகில் நிற்பவர்கள் சொல்லிவிடுவார்கள். வந்திருப்பதுதான் அந்த நேரத்துக்கான பால். அதில் இருக்கும் சர்க்கரை உடனே உதவுகிறது; கொழுப்பு, கீட்டோனுக்கும் கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் செய்வதற்கும் உதவுகிறது. 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு உறிஞ்சுவதையும் விழுங்குவதையும் மூச்சையும் இசைவாகச் செய்யத் தெரியாது. அப்போது தாய் கையால் பீய்ச்சியெடுத்த பாலைப் பாலாடையில் ஊற்றிப் புகட்டுகிறார்கள். குழந்தையை மடியில் பாதி நிமிர்த்தி, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, சில துளிகள் மட்டும் சாய்த்து, தொண்டை அசைந்து விழுங்கியதைக் கண்ட பிறகே அடுத்த துளி. அவசரப்பட்டால் புரையேறும். நம் பாட்டிமார்களின் சங்கும் பாலாடையும் இன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் ஸ்டெரிலைஸ் செய்யப்பட்டு வேலை செய்கின்றன. இன்னும் சிறிய குழந்தைக்கு மூக்கு அல்லது வாய் வழியாக வயிற்றுக்குள் குழாய்.

1,500 கிராமுக்கு மேற்பட்ட குழந்தைக்கு முதல் நாளில் கிலோவுக்கு 60 மில்லி என்று கணக்கிடுவார்கள். இரண்டு கிலோ என்றால் 120 மில்லி. இரண்டு மணிக்கு ஒருமுறை 10 மில்லி. தாயிடம் அவ்வளவு வராவிட்டால் தாய்ப்பால் வங்கியிலிருந்து வரும் பால் கைகொடுக்கும். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளிலும் இன்று இவை இயங்குகின்றன.

பாலோடு சேர்ந்த இன்னொரு மருந்து தாயின் மார்புச் சூடு. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையைச் சமாளிக்க எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கிய கங்காரு முறை இது. 2021இல் வந்த, இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த சோதனையில், ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளை உடனடியாகத் தாயின் தோலோடு சேர்த்து வைத்தபோது, 28 நாளுக்குள் இறப்பு 100க்கு 16 என்பதிலிருந்து 12ஆகக் குறைந்தது. குளிராத குழந்தை குளுக்கோஸை வீணாக்காது.

அளவு இறங்கியிருந்து அறிகுறி இல்லாத, சற்றுப் பெரிய குழந்தைக்கு 40 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஜெல்லைக் கன்னத்தின் உட்புறம் தடவித் தாய்ப்பால் கொடுக்கும் முறையும் உண்டு. நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரில் டெபோரா ஹாரிஸ் நடத்திய சோதனை 2013இல் வந்தது. வெற்று ஜெல் தடவியவர்களில் 24 சதவீதம் பேருக்குச் சிகிச்சை பலிக்கவில்லை, டெக்ஸ்ட்ரோஸ் தடவியவர்களில் அது 14 சதவீதமாகக் குறைந்தது. தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் செய்யும் எளிய வைத்தியம். அறிகுறி இருந்தாலோ அளவு மிகவும் தாழ்ந்தாலோ இதெல்லாம் போதாது. நரம்பு வழியாக 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 2 மில்லி ஏற்றிவிட்டு, தொடர்ந்து நிமிடத்துக்குக் கிலோவுக்கு 6 மில்லிகிராம் என்ற வீதத்தில் ட்ரிப் ஓட வேண்டும். ஊசியைப் போட்டுவிட்டு ட்ரிப்பை விட்டுவிட்டால், எழும்பிய சர்க்கரைக்கு இன்சுலின் சுரந்து மறுபடி கீழே தள்ளிவிடும்.

எதிர்த் திசையிலும் ஒரு கோளாறு உண்டு. ஒரு கிலோவுக்கும் குறைந்த குழந்தைகளுக்கு ட்ரிப்பில் போகும் குளுக்கோஸைக் கையாளும் முதிர்ச்சி கணையத்துக்கு இருக்காது. அளவு 180ஐத் தாண்டி, சிறுநீரில் சர்க்கரை போய், உடம்பு வறளும். பெரும்பாலும் ட்ரிப்பின் வேகத்தைக் குறைத்தே சரிசெய்வார்கள். அதனால் இந்தக் குழந்தைகளின் சர்க்கரையை ஏற்றுவதும் இறக்குவதும் வீட்டில் செய்கிற காரியமல்ல.

இந்த இடத்தில், பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும் வழக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். குடும்பத்தில் நல்ல குணம் படைத்தவர் கையால் சீனித் தண்ணீரைத் தொட்டு வைத்தால் அந்தக் குணம் குழந்தைக்கு வரும் என்ற ஆசையில் இருக்கும் அன்பு எனக்குப் புரிகிறது. சர்க்கரை குறையும் குழந்தைக்குச் சீனித் தண்ணீர் நல்லதுதானே என்ற வாதத்தையும் கேட்டிருக்கிறேன். நல்லதல்ல. அதில் கொழுப்பும் இல்லை, புரதமும் இல்லை. ஏறிய வேகத்தில் இறங்கும். விரலிலும் தண்ணீரிலும் உள்ள கிருமி, எதிர்ப்பே இல்லாத குடலுக்குள் போகும். சின்ன வயிறு அதில் நிறைந்தால் சீம்பால் தள்ளிப்போகும். தேனும் கழுதைப்பாலும் இதைவிட மோசம். அந்தப் பெரியவரின் கையில் குழந்தையைக் கொடுத்து ஆசி வாங்கிக்கொள்ளுங்கள்; வாயில் எதுவும் வைக்க வேண்டாம்.

குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தால், அதன் எடை எவ்வளவு, எத்தனை வாரத்தில் பிறந்தது என்று கேளுங்கள். 2.5 கிலோவுக்குக் கீழே என்றால், முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கவும், குழந்தையைத் தாயின் மார்பில் போட்டு வைக்கவும் உதவி கேளுங்கள். "டாக்டர், சுகர் பார்த்தாச்சா? எவ்வளவு இருந்தது? அடுத்து எப்போ பார்ப்பீங்க?" என்று தயங்காமல் கேளுங்கள். இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறை, தூங்கினாலும் எழுப்பிப் பால் கொடுங்கள். முதல் மூன்று நாளுக்குள் வீட்டுக்கு அனுப்பினால், பால் குடிக்க மறுத்தாலோ துவண்டு கிடந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவிலேயே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.